பின்பக்கம் ஏன் உதைக்கிறது?

1967 ஏப்ரலில் புரூஸ் மையர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தார்கள். லா பாஸில் கிளம்பி திஹுவானாவை எட்ட 34 மணி 45 நிமிடம் ஆனது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் டேவ் ஈகின்ஸ் அந்தத் தூரத்தை மோட்டார் சைக்கிளில் 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்திருந்தார். அதுதான் முறியடிக்க வேண்டிய நேரம். மையர்ஸின் வண்டி கண்ணாடியிழை உடலும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சினும் கொண்ட, கதவில்லாத ஒரு சின்ன பக்கி. பெயர் மேங்க்ஸ். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் தொடங்கிய முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்தை வென்றதும் ஒரு மேங்க்ஸ்தான். விக் வில்சனும் மேங்கல்ஸும் அதை 27 மணி 38 நிமிடத்தில் ஓட்டி முடித்தார்கள். தீபகற்பம் நெடுகத் தார்ச்சாலை வந்து சேர்ந்தது 1973இல். இவர்கள் ஓட்டியதில் பெரும்பகுதி மணல், கல், காய்ந்த ஆற்றுப்படுகை.

அந்தப் பந்தயத்தில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியது. நல்ல சாலையில் 100ஐத் தாண்டக்கூடிய எஞ்சின் அது. நிலம் அதற்குமேல் விடவில்லை. கரடுமுரடான தரையில் ஒரு வண்டி எவ்வளவு வேகம் போகலாம் என்பதை எஞ்சினைவிட சஸ்பென்ஷன்தான் முடிவு செய்கிறது. எஞ்சினைப் பின்னால் சுமக்கும் பக்கியில், அந்த முடிவில் பெரும்பங்கு பின்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்களுக்கு. பக்கி கட்டுகிறவர்களில் பலர் கையில் இருக்கும் பணத்தை முதலில் எஞ்சினில் போடுகிறார்கள். மிச்சத்தில்தான் ஷாக் வாங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இருவர் அமர்ந்த பக்கியின் மொத்த எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேட்டின் விளிம்பைத் தாண்டிப் பறந்து, 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. டயர் மண்ணைத் தொடும்போது அது விநாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். சக்கரங்கள் மேலேற 30 சென்டிமீட்டர் இடம் இருக்கிறதென்றால், உடல் அந்த 30 சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அதற்குத் தேவையான சராசரி விசை வண்டியின் எடையைப்போல் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். சக்கரத்துக்கு 10 சென்டிமீட்டர் இடம்தான் உண்டு என்றால் அதுவே 11 மடங்காகிவிடும். சட்டம் வளைவதும் முதுகெலும்பு நோவதும் இந்த 11 மடங்கில்தான். பாலைவனப் பந்தயம் வளர வளரச் சக்கரத்தின் ஏற்ற இறக்கத் தூரத்தை நீட்டிக்கொண்டே போனதற்கு இதுவே காரணம். இன்றைய உயர்வகுப்புப் பந்தய பக்கிகளில் பின்சக்கரம் 60 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்.

விசையைப் பார்த்தாயிற்று. ஆற்றலைப் பார்ப்போம். அந்த 1 மீட்டர் வீழ்ச்சியும் அதன்பின் அமுங்கிய 30 சென்டிமீட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 8,900 ஜூல் ஆற்றலைச் சஸ்பென்ஷனிடம் ஒப்படைக்கின்றன. சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால், அது முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கியதை அடுத்த நொடிக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். எஃகு ஸ்பிரிங் தன்னிடம் வந்த ஆற்றலில் மிகச் சிறிதையே வெப்பமாக இழக்கும். ஆகவே வண்டி விழுந்த உயரத்தில் பெரும்பகுதிக்குத் திரும்பவும் எறியப்படும். இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கெட்டி ஸ்பிரிங் அதே ஆற்றலைக் குறைந்த தூரத்தில் வாங்கி, இன்னும் வேகமாகத் திருப்பி அடிக்கும். கணக்கில் ஒரு ஜூல்கூடத் தள்ளுபடி ஆகாது. இந்த ஆற்றல் வண்டியை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் ஷாக்.

உள்ளே பார்த்தால் எளிய அமைப்பு. எண்ணெய் நிறைந்த ஒரு குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சில துளைகள். சக்கரம் மேலேறினாலும் கீழிறங்கினாலும் பிஸ்டன் நகர வேண்டும். அது நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டும். அப்படிப் பிதுங்கும்போது உராய்வில் எண்ணெய் சூடாகிறது. மேட்டிலிருந்து விழுந்த உயரம் கடைசியில் எண்ணெயின் சூடாக மாறி, குழாயின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது.

ஸ்பிரிங்கின் விசை அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஷாக்கின் விசை பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது; அசையாமல் நிற்கும்போது அது எதையும் தாங்குவதில்லை. வெறும் துளை மட்டும் இருந்தால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மெதுவான அசைவில் ஒன்றுமே செய்யாது, திடீர் அடியில் இரும்புக் கம்பிபோல் இறுகிவிடும். அதனால் துளைகளின் வாயில் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிவைக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு கனம். அழுத்தம் கூடும்போது தகடுகள் வளைந்து வழிவிடும். அமுங்கும் திசைக்கு ஓர் அடுக்கு, விரியும் திசைக்கு வேறோர் அடுக்கு. பந்தயப் பட்டறைகளில் ஷாக்கைப் பிரித்து இந்தத் தகடுகளை மாற்றி அடுக்குவதுதான் நாள் முழுக்க நடக்கும் வேலை.

நல்ல நிலையிலுள்ள ஷாக்கும் தேய்ந்துபோன ஷாக்கும் எவ்வளவு வேறுபடும்? பொறியாளர்கள் இதைத் தணிப்பு விகிதம் என்ற எண்ணால் அளக்கிறார்கள். மதிப்பு 1 என்றால் வண்டி ஒருமுறைகூட ஆடாமல் பழைய நிலைக்குத் திரும்பும். 0 என்றால் ஆட்டம் நிற்கவே நிற்காது. சாலையில் ஓடும் கார்களில் இது பொதுவாக 0.2க்கும் 0.4க்கும் இடையில் இருக்கும். 0.3 என்றால், ஒரு குதிப்பின் உயரம் அடுத்த குதிப்பில் சுமார் 14 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஷாக் தேய்ந்து 0.05க்கு வந்துவிட்டால், அடுத்த குதிப்பிலும் 73 சதவீதம் மிச்சமிருக்கும். அது அடங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

இதுவரை சொன்னது முன்சக்கரத்துக்கும் பொருந்தும். பக்கியின் பின்பக்கத்துக்கென்று தனி வம்பு இருக்கிறது.

மேங்க்ஸும் அதைப் பார்த்துக் கட்டப்பட்ட எண்ணற்ற பக்கிகளும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் பிறந்தவை. பீட்டிலின் காற்றால் குளிரும் எஞ்சின் 100 கிலோவை ஒட்டிய எடை. அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கனமான கார் உடலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியிழைத் தொட்டியை வைத்ததும் முன்பக்கம் இன்னும் லேசாகிறது; ஆகவே மொத்த எடையில் அறுபது சதவீதமோ அதற்கு மேலுமோ பின்சக்கரங்களின்மேல் நிற்கிறது. மையர்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். பின்னால் ஆயிரக்கணக்கில் விற்ற மேங்க்ஸ் கிட்டுக்காகப் பீட்டிலின் தளத்தை நடுவில் 37 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிக் குறுக்கச் சொன்னார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் சுமார் 2 மீட்டராகச் சுருங்கியது. இதனால் மணல்மேட்டின் உச்சியில் வயிறு தட்டாது, குறுகிய இடத்தில் திரும்ப முடியும். விலையாகக் கொடுத்தது, முன்னும் பின்னுமாகத் தலையாட்டும் இயல்பு.

2 மீட்டர் இடைவெளியுள்ள வண்டி, 4 மீட்டருக்கு ஒரு மேடு வீதம் வரிசையாக எழுந்த தரையில் ஓடினால் என்ன ஆகும்? முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் உச்சியில் இருக்கும். அடுத்த கணம் தலைகீழ். ஒவ்வொரு மேடும் வண்டியின் மூக்கை மண்ணை நோக்கியும் வானை நோக்கியும் மாறிமாறித் தள்ளும். பந்தயக்காரர்கள் 'வூப்ஸ்' என்று அழைக்கும் இந்தத் தொடர்மேடுகள், வண்டிகள் ஓடி ஓடித் தாமே செதுக்கியவை. சக்கரங்கள் மண்ணை அலையலையாக்குவதற்கு அவற்றின் ஸ்பிரிங்கே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2007இல் நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் மூவரும் வட்டமாகச் சுழலும் மணல்படுகையின்மேல் ஒரு ரப்பர் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் இல்லாத சக்கரம்கூட, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மணலில் அலைகளை எழுப்பியது. மண்சாலையில் வண்டி ஓடும்வரை இந்த அலைகள் வரத்தான் செய்யும். ஓட்டுகிறவர் அவற்றைக் கடக்கத்தான் வழி தேட வேண்டும்.

ஒற்றை மேட்டின் விளிம்பில் நடப்பது இன்னும் ஆபத்தானது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிக் காற்றில் போய்விட்டது. பின்சக்கரம் அப்போதுதான் சரிவில் ஏறி, ஸ்பிரிங்கை அடிவரை அமுக்குகிறது. கனமான பின்பக்கம் அந்த ஸ்பிரிங்கில் ஆயிரக்கணக்கான ஜூலைச் சேர்த்துவைக்கிறது. விளிம்பைத் தாண்டும் கணத்தில் ஸ்பிரிங் விரியத் தொடங்கும். ஷாக் அந்த விரிவைப் பிடித்து நிறுத்தாவிட்டால், பின்பக்கத்துக்கு மேல்நோக்கி ஓர் உதை விழும். முன்பக்கத்தைத் தாங்கத் தரை இல்லை. வண்டி மூக்கு கீழாகச் சுழலத் தொடங்குகிறது. காற்றில் இருக்கும் பொருளின் சுழற்சியைத் தடுக்க வெளியிலிருந்து எதுவும் வராது. விளிம்பில் வாங்கிய சுழற்சி தரையைத் தொடும்வரை அப்படியே தொடரும். சுழற்சி சிறிதாக இருந்தால் முன்சக்கரங்கள் முதலில் இறங்கும்; பெரிதாக இருந்தால் வண்டி மூக்கால் குத்திக் கரணம் போடும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பின்சக்கரங்களை வேகமாகச் சுழற்றினால் மூக்கு சற்று உயரும், பிரேக் பிடித்தால் தாழும். மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது கைவந்த கலை. ஆனால் 700 கிலோ வண்டியில் இதன் பலன் சொற்பம்.

எனவேதான் பின்பக்க ஷாக்கைப் பற்றிப் பேசும்போது அது அடியை எப்படி வாங்குகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. அது எப்படி விரிகிறது என்பதில்தான் வண்டி நிமிர்ந்து நிற்பதும் கவிழ்வதும் இருக்கிறது. அமுங்கும்போது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே பக்கம் நின்று அடியை எதிர்க்கின்றன. விரியும்போது ஸ்பிரிங் உடலை மேலே தள்ளுகிறது, ஷாக் மட்டும் தனியாக அதை இழுத்துப் பிடிக்கிறது. பெரும்பாலான ஷாக்குகள் அமுங்குவதைவிட விரிவதைக் கூடுதல் விசையோடு எதிர்க்கும்படி அடுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பழைய பீட்டிலின் பின் அச்சு இந்தத் தேவையை இரட்டிப்பாக்கியது. 1968 மாடல் வரை பெரும்பாலான பீட்டில்களில் பின்சக்கர அச்சுகள் கியர்பாக்ஸின் பக்கத்தில் மட்டும் மூட்டு கொண்டு, இரண்டு சிறகுகள்போல் மேலும் கீழும் அசைந்தன. பின்பக்கம் உயர எழுந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கும், டயர் வெளி விளிம்பில் நிற்கும். அந்த நிலையில் வளைவில் திருப்பினால், பக்கவாட்டு விசையே பின்பக்கத்தை இன்னும் தூக்கிவிடும். விரிவை அடக்கும் ஷாக், சக்கரம் அந்த மோசமான நிலைக்குப் போகும் வேகத்தையாவது குறைத்தது. அமெரிக்காவில் விற்ற பீட்டில்களுக்கு 1969 மாடலில் வேறு வகைப் பின் அச்சு வந்தது. பக்கி கட்டுகிறவர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள்.

அப்படியானால் விரிவை முடிந்தமட்டும் இறுக்கிவிடலாமா? அதுவும் கேடுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர் இடைவெளி மேடுகளில் ஓடும்போது, விநாடிக்கு மூன்றரை மேடு வருகிறது. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்குள், அதாவது மூன்றில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், கீழே இறங்கியிருக்க வேண்டும். ஷாக் அதைத் தாமதப்படுத்தினால் அடுத்த மேடு பாதி அமுங்கிய ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கும். நாலைந்து மேடுகளில் சஸ்பென்ஷன் அடிவரை இறங்கி, ரப்பர்க் கட்டையில் மோதத் தொடங்கும். ஓட்டுநருக்கு ஸ்பிரிங் பலவீனம் என்று தோன்றும். அவர் இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போடுவார். கெட்டியான ஸ்பிரிங் இன்னும் பலமாக உதைக்கும். பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் அளவு, அடுத்த மேட்டுக்குள் சக்கரத்தை விட்டுக்கொடுக்கும் அளவு, இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம்தான் இருக்கிறது. அதைத் தேடுவதற்காகவே குழுக்கள் பந்தயத்துக்கு முன் நாள்கணக்கில் ஒரே தடத்தில் ஓட்டிப் பார்க்கின்றன.

இந்த நெருக்கடியைத் தளர்த்தத்தான் வெளிக்குழாய் ஷாக்குகள் வந்தன. முதன்மைக் குழாயின் பக்கத்தில் சிறுகுழாய்கள் ஒட்டியிருக்கும். பிஸ்டன் நடுவில் இருக்கும்போது எண்ணெய் அந்தச் சிறுகுழாய்கள் வழியே சுற்றிப் போய்விடும், ஷாக் மென்மையாக வேலைசெய்யும். பிஸ்டன் முனையை நெருங்கும்போது சிறுகுழாயின் வாயைத் தாண்டிவிடுவதால் எண்ணெய்க்கு அந்த வழி அடைபடும். எதிர்ப்பு சட்டென்று கூடும். சாதாரண மேடுகளுக்கு ஒரு குணம், பெரிய வீழ்ச்சிக்கு வேறொரு குணம். ஷாக் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எண்ணெயோட்டமே உணர்ந்து நடந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் துளியும் இல்லை.

இனி வெப்பம். அதே வூப்ஸில், ஷாக் ஒவ்வொரு மேட்டுக்கும் 15 சென்டிமீட்டர் அமுங்கி விரிகிறது, அமுங்கும்போது சராசரி 1,500 நியூட்டன், விரியும்போது 2,500 நியூட்டன் எதிர்ப்புக் காட்டுகிறது என்று கொள்வோம். ஒரு மேட்டுக்கு 600 ஜூல். விநாடிக்கு மூன்றரை மேடு என்றால் 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல். வீட்டு இண்டக்ஷன் அடுப்பை முழுச் சூட்டில் வைத்தால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான். இங்கே அது கால் லிட்டர் எண்ணெயும் ஒரு மெல்லிய இரும்புக் குழாயும் கொண்ட கருவிக்குள் இறங்குகிறது. காற்று குளிர்விக்காவிட்டால் ஓரிரு நிமிடத்தில் 100 டிகிரி ஏறிவிடும்.

சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், எதிர்ப்புக் குறையும். அதைவிடக் கொடியது நுரை. சாதாரண கார்களின் இரட்டைக்குழாய் ஷாக்கில் எண்ணெயோடு காற்றும் இருக்கிறது. பிஸ்டன் குலுக்கக் குலுக்க இரண்டும் கலந்துவிடும். நுரைத்த எண்ணெய் அமுங்கக்கூடியது. பிஸ்டன் அதற்குள் தடையில்லாமல் போய்வரும். பிஸ்டன் மிக வேகமாக நகரும்போது அதன் பின்புறம் அழுத்தம் வீழ்ந்து, எண்ணெயிலேயே ஆவிக்குமிழிகள் தோன்றுவதும் உண்டு. இதற்குத் தீர்வு கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன். ஒரே குழாய், அதற்குள் எண்ணெயையும் அழுத்தமூட்டிய வாயுவையும் பிரிக்கும் ஒரு மிதக்கும் பிஸ்டன். வாயுவும் எண்ணெயும் தொட்டுக்கொள்வதே இல்லை. வாயுவின் அழுத்தம் குமிழி தோன்றவும் விடுவதில்லை. இந்த வகையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. உள்ளே நிரப்புவது நைட்ரஜன். அதில் ஈரமில்லை, சூடான எண்ணெயோடு வினைபுரிவதுமில்லை. பாலைவனப் பந்தயத்தின் தொடக்க காலத்தில் இவை எல்லோருக்கும் கிட்டவில்லை. ஒரே சக்கரத்துக்கு இரண்டு, மூன்று சாதாரண ஷாக்குகளை வரிசையாகப் பொருத்தி, வெப்பத்தைப் பங்கிட்டுச் சமாளித்தார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நம் ஊர் மாணவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய பாஹா மாணவர் போட்டி, 2007 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில் நடந்த பந்தயங்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் குழுக்கள் போயிருக்கின்றன. ஒருவர் மட்டும் அமரும் பக்கி, எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். நான்கு மணி நேரத் தாக்குப்பிடிக்கும் பந்தயம்தான் உச்சம். செலவைக் குறைக்க மோட்டார் சைக்கிளின் பின் ஷாக்கைக் கழற்றிப் பொருத்தும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. தவறில்லை, ஒரு கணக்கை மட்டும் போட்டுவிட்டால்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் ஷாக்கைப் பொருத்தினால், சக்கரம் 2 சென்டிமீட்டர் ஏறும்போது ஷாக் 1 சென்டிமீட்டர்தான் அமுங்கும். பிஸ்டனின் வேகம் பாதி, அதனால் அதன் விசையும் பாதி. அந்தப் பாதி விசையும் நெம்புகோல் கணக்கில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது இன்னொரு பாதியாகிறது. மொத்தத்தில் சக்கரம் உணரும் தணிப்பு நான்கில் ஒன்று. ஷாக்கை 45 டிகிரி சாய்த்துவைத்தால் அந்த நான்கில் ஒன்றும் பாதியாகக் குறையும். கடையில் கையால் அழுத்தும்போது உறுதியாகத் தெரிந்த ஷாக், வண்டியில் ஏறியதும் பின்பக்கத்தைக் குதிக்கவிடுவது இதனால்தான். ஷாக்கை மாற்ற வசதியில்லாத குழு அதன் அடிமுனையைச் சக்கரத்துக்கு அருகே நகர்த்தி, முடிந்தவரை நேராக நிறுத்தலாம். ஒரு வெல்டிங் வேலைதான் செலவு. அதோடு, சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போது ஷாக்கே அதைத் தூக்கிப் பிடிக்காதபடி ஒரு நைலான் பட்டையைக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் பிஸ்டன் தண்டின் தலை குழாயின் மூடியில் இடித்து, சில மணி நேரத்தில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

ஓட்டி முடித்து நிறுத்திய வண்டியில் ஷாக் உழைத்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. தண்டைச் சுற்றி ஒரு கேபிள் டை கட்டிவிட்டால், அது தள்ளப்பட்டு நிற்கும் இடம் சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்டும். பிறகு வெப்பமானியை இடது, வலது ஷாக்குகளின் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் கொப்புளம் வரும் அளவு சூடிருக்கும். இரண்டும் ஒரே அளவு சூடாயிருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதில் எண்ணெயோ வாயுவோ போய்விட்டது என்று பொருள். அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் ஆற்றல் முழுவதும் ஸ்பிரிங்கிலேயே இருந்திருக்கிறது. அடுத்த சுற்றுக்கு அனுப்பும் முன் அதை மாற்றியே ஆக வேண்டும்.